வியாழக்கிழமை வேண்டாம், சனிக்கிழமை போகிறோம்

அன்புள்ள மக்கா,

நீ அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் வந்தது. கூடவே நீ பேசி அனுப்பிய வசவையும் வேலைக்குப் போகும் வழியில் காரில் கேட்டேன், பக்கத்தில் உட்கார்ந்திருந்த குஜராத்திக்காரனுக்குத் தமிழ் தெரியாதது உன் அதிர்ஷ்டம். ஒரே நாளில் மழை, பனி, காற்று மூன்றையும் போட்டிருக்கிறானே, இது வானிலை அறிக்கையா கிளி ஜோசியமா என்று கேட்டிருந்தாய். தீபாவளிக்கு நீ போட்ட மெசேஜுக்கே நான் இன்னும் பதில் போடவில்லை, அதையும் ஞாபகப்படுத்தினாய். சரி, ரெண்டு வரியில் முடிகிற விஷயமில்லை, அதனால்தான் கடிதம்.

மதினி தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அதனால் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் மகள் பாப்பா செவ்வாய்க்கிழமை சியாட்டிலில் இறங்குவதில் மாற்றம் இல்லை. வியாழக்கிழமை அவள் படிக்கப் போகிற புல்மனுக்கு காரில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னேனே, அதை ரத்து செய்துவிட்டேன். சனிக்கிழமை காலை வெளிச்சம் வந்த பிறகு கிளம்புகிறோம். திங்கட்கிழமை வகுப்புக்கு அது போதும். சியாட்டிலிலிருந்து அங்கே சின்ன விமானம் போகிறதே என்பாய். போகிறது, ஆனால் இதே வானிலை அதையும் நிறுத்தி வைக்கும், அப்புறம் பெட்டிகளோடு விமான நிலையத்தில் அவள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இனி உன் கிளி ஜோசியம். நீ பார்த்த படத்தில் மூன்றும் ஒரே கட்டத்தில் இருக்கின்றன. நாங்கள் போக வேண்டிய பாதையில் அவை வரிசையாக நிற்கின்றன, விஷயம் அவ்வளவுதான். சியாட்டிலுக்குப் பக்கத்தில் நாங்கள் இருக்கிற பாத்தெல்லில் மழை. இங்கிருந்து ஒரு மணி நேரத்தில் ஸ்னோகுவால்மி கணவாய், அங்கே பனி. மலையைத் தாண்டி கிழக்கே இறங்கினால் எலன்ஸ்பர்க்கிலிருந்து கொலம்பியா ஆற்றுப் பாலம் வரை காற்று. மொத்தம் 460 கிலோமீட்டர், நல்ல நாளில் ஐந்து மணி நேரம்.

மலை காற்றை என்ன செய்யும் என்று உனக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆரல்வாய்மொழியில் பைக்கை நிறுத்திவிட்டு இறங்கினோமே, ஸ்டாண்ட் போட்ட வண்டியே சாய்ந்தது, நம்ம குச்சி பறந்துபோய்விடுவான் என்று ரெண்டு பக்கமும் பிடித்துக்கொண்டோம். அதே சமாசாரம்தான் இங்கேயும். பசிபிக்கிலிருந்து வருகிற காற்றுக்குக் குறுக்கே ஒலிம்பிக் மலை நிற்கிறது. குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது தூத்துக்குடி காய்கிற மாதிரி, மலைக்கு மேற்கே ஹோ காட்டில் வருஷத்துக்கு மூன்றரை மீட்டர் மழை, வடகிழக்கே சீக்விம் என்கிற ஊரில் 40 சென்டிமீட்டர். ஆனால் நம் ஊரில் இல்லாத ஒன்றும் இங்கே உண்டு. அந்தக் காற்று மலையை ரெண்டாகப் பிரிந்து சுற்றிக்கொண்டு, வடக்கே ஜலசந்தி வழியாக ஒரு பாதி, தெற்கே சிஹேலிஸ் பள்ளத்தாக்கு வழியாக ஒரு பாதி என்று வந்து, சியாட்டிலுக்குச் சற்று வடக்கே மறுபடியும் முட்டிக்கொள்ளும். முட்டிக்கொண்ட காற்றுக்கு மேலே போவதைத் தவிர வேறு வழியில்லை, மேலே போனால் கொட்டித்தான் ஆக வேண்டும். அது கொட்டும் இடம் ஒரு ஒல்லியான பட்டை, எங்கள் வீடு பெரும்பாலும் அதற்கு அடியில். தெற்கே ரென்டனில் வெயில் அடிக்கும், நான் இங்கே காரின் மேல் இருக்கிற பனியை வழித்துக்கொண்டிருப்பேன். ஆபீஸுக்கு லேட் என்று போன் பண்ணினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

இதில் பனியா மழையா என்பது ஒரு டிகிரி, ரெண்டு டிகிரி விவகாரம். கடல் பக்கத்தில் இருப்பதால் இங்கே குளிர்காலம் பெரும்பாலும் வெறும் மழைதான். பனி விழ வேண்டுமென்றால் கனடாவின் ஃப்ரேசர் பள்ளத்தாக்கிலிருந்து குளிர் காற்று கீழே வர வேண்டும், அது வறண்ட காற்று. ஈரம் கடலிலிருந்து வர வேண்டும், அது வெதுவெதுப்பான காற்று. குளிர் போவதற்குள் ஈரம் வந்து சேர வேண்டும், கொஞ்சம் முன்னே பின்னே ஆனால் மழைதான். அதுவும் மழை பலமாகப் பெய்தால், மேலிருந்து வருகிற பனி உருகும்போது சுற்றியிருக்கிற காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு அதைக் குளிர வைத்துவிடும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே மழை பனியாக மாறும். போன வருஷம் பால்கனியில் நின்று நானே பார்த்தேன், துளிகள் முதலில் மெதுவாயின, அப்புறம் கனத்தன, கைப்பிடிக் கம்பியில் விழுந்தது தெறிக்காமல் சொத்தென்று ஒட்டிக்கொண்டது.

உன் போனில் இருக்கிற ஆப் இதையெல்லாம் ஒரு பொம்மைக்குள் அடக்கப் பார்க்கிறது, கோபப்படுவதென்றால் அதன் மேல் படு. இங்கே சியாட்டில் வானிலை அலுவலகம் தினமும் நாலைந்து தடவை ஒரு குறிப்பு போடுகிறது. படம் கிடையாது, வெறும் எழுத்து, டியூட்டியில் இருக்கிறவர் தன் சந்தேகங்களை எல்லாம் எழுதிவைப்பார். வானிலையைக் கணக்குப் போடுகிற அமெரிக்க கம்ப்யூட்டர் மாடல் வியாழக்கிழமை மதியம் என்கிறது, ஐரோப்பிய மாடல் ராத்திரி என்கிறது, இப்போதைக்கு நம்பிக்கை குறைவு, நாளை பார்ப்போம், இந்த ரீதியில் போகும். என் பெண்டாட்டி ராசிபலன் படிப்பதை நான் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தேன், இப்போது காலையில் காபியோடு இதைப் படிக்கிற என்னை அவள் கிண்டல் பண்ணுகிறாள். பண்ணட்டும். தெரியவில்லை என்பதை இத்தனை விவரமாக ஒரு அரசாங்க அலுவலகம் எழுதி நான் வேறெங்கும் படித்ததில்லை.

நீ ஏன் இப்படி எரிந்து விழுகிறாய் என்றும் எனக்குத் தெரியும் மக்கா. 2023 டிசம்பர் 17. கனமழை என்றார்கள், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் என்று யாரும் சொல்லவில்லை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோய் எண்ணூறு பேர் மாட்டிக்கொண்டதை நான் இங்கே டிவியில் பார்த்துக்கொண்டு உன் நம்பருக்கு அடித்து அடித்து ஓய்ந்தேன். நீயும் மதினியும் பாப்பாவும் மொட்டை மாடியில் தார்ப்பாய்க்குக் கீழே இருந்தது எனக்கு அப்புறம்தான் தெரியும். அதற்குப் பிறகு நான் வானிலை என்று எதையும் உன்னிடம் பேசியதில்லை, பேச வாய் வரவில்லை. இப்போது உன் பெண்ணை என் வண்டியில் ஏற்றப் போகிறேன், அதனால் பேசுகிறேன்.

அந்தக் கணவாய் வெறும் 3,000 அடி, கொடைக்கானலில் பாதிகூட வராது, ஆனால் ஒரு குளிர்காலத்துக்குச் சராசரியாகப் பத்து மீட்டர் அளவுக்குப் பனி விழும். கிழக்குக் காற்று அடிக்கும்வரை அங்கே குளிர் தங்கும், பனி. காற்று திரும்பி மேற்கிலிருந்து அடித்தால் மழை, திரும்புகிற நேரத்தில் விழுந்ததும் உறைகிற மழை. சேர்ந்திருக்கிற பனியின் மேல் மழை பெய்தால் சரிவு வரும், அதனால் நெடுஞ்சாலையை மூடிவிட்டு அவர்களே வெடி வைத்துச் சரித்துவிடுவார்கள். 2022 ஜனவரியில் ஸ்னோகுவால்மி, ஸ்டீவன்ஸ், ஒயிட், ப்ளூவெட் என்று நாலு கணவாயும் ஒரே நேரத்தில் மூடிக் கிடந்தன, மாநிலம் ரெண்டாகப் பிரிந்த மாதிரி. வியாழக்கிழமை எனக்குப் பயம் பனி இல்லை, அந்தத் திரும்புகிற நேரம்தான். அது எப்போது என்பதில்தான் மாடல்கள் சண்டை போடுகின்றன. இறங்கிய பிறகும் நிம்மதி கிடையாது, ஒத்தெல்லோ தாண்டி புல்மன் வரை மொட்டைக் கோதுமை வயல், ஒரு மரம் கிடையாது. வானத்திலிருந்து எதுவும் விழாமலே, தரையில் கிடக்கிற பனியைக் காற்று ரோட்டில் கொண்டுவந்து போடும். வெள்ளிக்கிழமை அவர்கள் தள்ளிச் சுத்தம் செய்வதற்கு விட்டுவிடுவோம்.

இன்னொன்று, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீ அங்கே இருந்து குதிக்காதே. புதன், வியாழன் எங்கள் வீட்டில் கரண்ட் போகலாம், போன் எடுக்காமல் போகலாம். ஊறிப்போன மண்ணில் நெட்டை நெட்டையாக ஃபிர் மரங்கள், அதற்கு நடுவில் மின்கம்பி, காற்று வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டுமா? 2024 நவம்பர் 19 புயலில் இந்தப் பக்கம் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் போனது, நாங்கள் கேம்பிங் அடுப்பில் உப்புமா கிண்டினோம். அடுப்பு இருக்கிறது, அரிசி இருக்கிறது, பாப்பாவுக்குப் போர்வை மூன்று எடுத்து வைத்திருக்கிறாள் சித்தி.

மதினியிடம் சொல், குடை வேண்டாம், இந்தக் காற்றில் திருப்பிக்கொள்ளும். வாங்கிய அந்த அழகான கம்பளிக் கோட்டு நனைந்தால் காயாது, தண்ணீர் ஒட்டாத ஜாக்கெட்டை நான் இங்கே வாங்கிக் கொடுக்கிறேன். ஷூ மட்டும் அங்கேயே வாங்கிவிட வேண்டாம், அடிப்பக்கம் வழவழவென்று இருந்தால் வேலைக்கே ஆகாது. கருப்பட்டியைப் பொடித்துக் கட்டச் சொல், போன தடவை குச்சி அனுப்பியது கல்லாகி சுத்தியல் கேட்டது. அப்புறம் அவளுடைய விமான நம்பரை இன்னும் நீ அனுப்பவில்லை, திட்டுகிற வேகத்தில் மறந்துவிட்டாய்.

உன்,
வாத்தி