அட்டையில் யார் பெயர்? முதல் நாவல் வெளியிடும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சொந்தமாக நாவல் வெளியிட வருகிறவர்கள் தாள், அட்டை, பக்கக் கணக்கு எல்லாம் பேசி முடித்தபின் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பெண் பெயர் போட்டால் இந்த மாதிரித் திரில்லர் கதையை வாங்குவார்களா? இனிஷியல் மட்டும் போட்டுவிடலாமா?" காதல் கதை எழுதும் ஆண்கள் இதையே தலைகீழாகக் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கேட்கவேண்டிய நேரம் அதுவல்ல. பெயர் முடிவாகாமல் அட்டை வேலையைத் தொடங்கவே கூடாது.

பெயரைப் பார்த்து எடைபோடுகிறார்கள் என்பது வெறும் பயமில்லை. கேத்தரின் நிக்கல்ஸ் என்ற எழுத்தாளர் ஒரே நாவலை, எழுத்தாளருக்காகப் பதிப்பாளரிடம் பேசும் இலக்கிய முகவர்களுக்குத் தன் பெயரிலும் ஓர் ஆண் பெயரிலும் அனுப்பிப் பார்த்து, 2015-இல் அதை எழுதினார். ஐம்பது கடிதங்களுக்கு அவர் பெயரில் கைப்பிரதி கேட்டவர்கள் 2 பேர். ஆண் பெயரில் 17 பேர். தனி ஒருவரின் சோதனைதான், என்றாலும் தள்ளிவிட முடியாத வித்தியாசம். ஒன்றைக் கவனியுங்கள்: அது முகவரின் வாசலில் நடந்தது. நீங்களே வெளியிடும்போது அந்த வாசல் கிடையாது. இணையக் கடையில் உங்கள் அட்டை தபால்தலை அளவில் தெரியும். முதலில் படம், பிறகு தலைப்பு, அதற்கும் பிறகுதான் பெயர்.

பெயர் மட்டும் புத்தகத்தை விற்றுத் தராது. ஆங்கில நாவலாசிரியர்களான பிராண்ட்டி சகோதரிகள் 1846-இல் தங்கள் கைக்காசைப் போட்டு, பெல் என்ற பெயரில் ஆணா பெண்ணா என்று தெரியாதபடி கவிதைத் தொகுதி வெளியிட்டார்கள். விற்றது இரண்டே பிரதி. மறு ஆண்டு அவர்களில் ஷார்லட், தொகுதியில் தான் வைத்துக்கொண்ட அதே கரர் பெல் பெயரில் வெளியிட்ட 'ஜேன் அயர்' நாவல் சில மாதங்களுக்குள் மறுபதிப்புக் கண்டது. ஹாரி பாட்டர் எழுதிய ஜே. கே. ரௌலிங் 2013-இல் ராபர்ட் கால்பிரைத் என்ற ஆண் பெயரில் துப்பறியும் நாவல் எழுதியபோது, உண்மை வெளியாகும்வரை பிரிட்டனில் கெட்டி அட்டைப் பதிப்பு சுமார் 1,500 பிரதிகளே போயின. வெளியானதும் விற்பனைப் பட்டியலின் உச்சிக்குப் போனது.

ஆகவே எங்கள் கருத்து: தயக்கத்துக்காக மட்டும் பெயரை மாற்றாதீர்கள். அந்த வகை நூல்களில் உங்கள் பெயர் நிஜமாகவே இடறும் என்று தோன்றினால், அல்லது வேலை, குடும்பம் காரணமாக மறைவு தேவை என்றால் மாற்றுங்கள். இனிஷியல் போட்டால் யாருக்கும் தெரியாது என்று நம்பவேண்டாம்; திரில்லர் படிப்பவர்கள் இனிஷியலைப் பார்த்தாலே பெண் என்று ஊகிக்கக்கூடும்.

மாற்றுவதென்றால் வேலை கறாராக இருக்கவேண்டும். முன்னட்டை, முதுகு, தலைப்புப் பக்கம், பதிப்புரிமைப் பக்கம், கடையில் நிரப்பும் விவரப் படிவம், ஐ.எஸ்.பி.என். (நூலின் அடையாள எண்) பதிவு எல்லாவற்றிலும் புள்ளி, இடைவெளி உட்பட ஒரே பெயர். "கே.எம். அருண்" என்று ஓரிடத்திலும் "கே எம் அருண்" என்று இன்னோரிடத்திலும் இருந்தால், கடை அதை இரண்டு ஆளாக எடுத்துக்கொள்ளக்கூடும், இரண்டாவது நாவல் முதலாவதோடு சேராமல் தனியாகக் கிடக்கும். அமேசானின் சுயவெளியீட்டுத் தளமான கே.டி.பி.யில் அச்சுப் புத்தகம் வெளியான பிறகு ஆசிரியர் பெயரைத் திருத்த முடியாது. புதுப் பதிப்பாகத்தான் ஏற்றவேண்டும், பழையதற்கு வந்த விமர்சனங்கள் தானாகக் கூடவே வரும் என்று எண்ணிவிடக் கூடாது. முதல் நாவல் நன்றாகப் போன பிறகு "இப்போது என் பெயரைப் போடலாமா" என்று கேட்பவர்களுக்கு நாங்கள் தலையாட்டாததற்கு இதுதான் காரணம்.

குட்டு பெரும்பாலும் சின்ன இடத்தில்தான் உடைகிறது. வேர்டு கோப்பின் 'ஆத்தர்' கட்டத்தில் கணினிக்காரர் பெயர் உட்கார்ந்திருக்கும்; அதை பி.டி.எஃப். ஆக்கினால் பெயரும் கூடவே போகும். பண்புகள் பகுதியைத் திறந்து அழித்துவிட்டு அனுப்புங்கள். ஆசிரியர் பற்றிய தமிழ்க் குறிப்பில் 'அவர்' என்று எழுதித் தப்பிக்கலாம். ஆங்கிலக் குறிப்பில் ஒரு 'ஷி' போதும், எல்லாம் வெளியே வந்துவிடும். கடைக் கணக்கும் வரி விவரமும் வங்கியும் மட்டும் சட்டப்படியான பெயரில்தான் இருக்கவேண்டும், அங்கே புனைபெயர் செல்லாது.

முதல் வாரத்தில் வாங்குவது தெரிந்தவர்கள். அவர்கள் உங்கள் நிஜப் பெயரைத் தேடி, கிடைக்காமல் விட்டுவிடுவார்கள். நம்பிக்கையானவர்களுக்கு நேரடி இணைப்பை அனுப்புங்கள், ஆனால் குடும்பத்தாரிடம் விமர்சனம் எழுதச் சொல்லாதீர்கள், அமேசான் நீக்கிவிடும். கேட்ட ஒவ்வொருவருக்கும் ரகசியத்தைச் சொல்லவும் வேண்டாம். ரௌலிங் விஷயம் வெளியே வந்ததே ஒரு வழக்கறிஞர் தன் மனைவியின் தோழியிடம் பேசியதால்தான்.

பெயர் மாற்றலாம், வாழ்க்கையைப் புனையக்கூடாது. ஸ்பெயினில் கார்மென் மோலா என்ற பெயரில் எழுதியது மூன்று ஆண்கள் என்று 2021-இல் தெரிந்தபோது கோபம் கிளம்பியது பெயருக்காக மட்டுமல்ல. அந்தப் 'பெண்'ணுக்குப் பேராசிரியர் வேலையும் பிள்ளைகளும் கொடுத்திருந்தார்கள். குறிப்பில் ஊர், கல்வி எதுவும் வேண்டாம், நூலைப் பற்றி இரண்டு வரி போதும்.

பதிப்புரிமை பற்றிய கேள்விக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் ஒப்பந்தப்படி, ஆசிரியர் யாரென்று தெரியாத புனைபெயர் நூலுக்குப் பாதுகாப்புக் காலம் வெளியீட்டிலிருந்து எண்ணப்படும். யாரென்று தெரிந்தால் ஆயுளும் அதற்குப் பின் 50 ஆண்டும் குறைந்தபட்சம். பல நாடுகள் இதைவிடக் கூட்டித் தருகின்றன. வாரிசுகளுக்காக, இன்ன பெயரில் எழுதியவர் இன்னார் என்று கையெழுத்திட்ட தாள் ஒன்றை வீட்டில் வையுங்கள்.

அட்டை வேலைக்கு அனுப்பும்போது, அச்சில் வரவேண்டிய பெயரைப் புள்ளி, இடைவெளியோடு தட்டச்சு செய்து தனி வரியாக அனுப்புங்கள். தொலைபேசியில் சொல்லும் பெயரை இனி வாங்கிக்கொள்வதாக இல்லை.

இப்படிக்கு,
நூல் வடிவமைப்புப் பிரிவு