தனியாகப் போகவில்லை: பெல்ஜியப் பந்தயப் பயணத்துக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள அனைவருக்கும்,

வணக்கம். பெல்ஜியத்தில் சைக்கிள் பந்தயம் ஓட்டிவிட்டு எங்கள் கிளப் குழு ஊர் திரும்பிய கையோடு என்னைப் பற்றி ஒரு வாழ்த்துச் செய்தி உறவினர் வட்டத்தில் சுற்ற ஆரம்பித்துவிட்டது. “தனியாளாகப் பெல்ஜியம் சென்று சாதித்த லண்டன் தமிழ்ப் பெண்” என்பது அதன் தலைப்பு. எழுதிய சித்தப்பாவின் அன்புக்குக் குறைவில்லை. லண்டன், தமிழ், பெண், பெல்ஜியம் எல்லாம் சரிதான். ‘தனியாளாக’ என்பதும் ‘சாதித்த’ என்பதும்தான் இடிக்கின்றன. சாதித்தேனா என்றால், முடிவுப் பட்டியலைக் கீழிருந்து மேலாகப் படிப்பவர்களுக்கு என் பெயர் சீக்கிரம் கிடைக்கும். தனியாகப் போனேனா என்ற கேள்விக்குத்தான் இந்த மடல்.

உதவியவர்களில் பலருக்குத் தமிழ் தெரியாது. அவர்களுக்குத் தனியே எழுதி அனுப்பிவிட்டோம். நீங்கள் இங்கிருந்து கொடுத்தனுப்பிய பணமும் சோறும் அங்கே என்ன ஆயின, அந்தப் பக்கம் யார் யார் எங்களைத் தாங்கிப் பிடித்தார்கள் என்பது உங்களுக்கும் தெரிய வேண்டும் அல்லவா?

முதலில், “சைக்கிளில் போகிறாயா, சைக்கிளைச் சுமந்துகொண்டு போகிறாயா?” என்று படத்தைப் பார்த்துவிட்டு அத்தை கேட்ட கேள்விக்குப் பதில்: இரண்டும்தான், அத்தை. நாங்கள் ஓட்டும் சைக்ளோகிராஸ் ஒரு குளிர்கால சைக்கிள் பந்தயம். புல்வெளி, காடு, மணல், படிக்கட்டு எல்லாவற்றையும் கோத்து மூன்று கிலோமீட்டர் அளவில் ஒரு சுற்றுப்பாதை போடுவார்கள். நடுவே 40 சென்டிமீட்டர் உயரம் வரை பலகைத் தடுப்புகள் நிற்கும். இறங்கி, தூக்கி, தாண்டி, ஓட்டத்திலேயே மறுபடி ஏற வேண்டும். முதல்நிலை ஆண்களுக்கு ஒரு மணி நேரம். எங்களைப் போன்ற அமெச்சூர்களுக்கு முக்கால் மணிக்குள் முடிந்துவிடும். அதற்குள்ளேயே போதும் போதும் என்றாகிவிடும்.

விளையாட்டு பிறந்தது பிரான்சில். முதல் உலகப் போட்டி 1950இல் பாரிஸில் நடந்தது. ஆனால் இதைத் தத்தெடுத்துச் சீராட்டி வளர்த்தது பெல்ஜியத்தின் வடபகுதியான பிளாண்டர்ஸ். எரிக் டி விளாமிங்க் என்ற பெல்ஜியர் 1966க்கும் 1973க்கும் இடையில் ஏழு முறை உலகப் பட்டம் வென்றார். 2012இல் கோக்சைடே கடற்கரை மணல்மேடுகளில் நடந்த உலகப் போட்டியில், ஆண்கள் பிரிவின் முதல் ஏழு இடங்களும் பெல்ஜியர்களுக்கே போயின. பெண்களுக்கோ உலகப் போட்டி என்ற ஒன்றே 2000ஆம் ஆண்டில்தான் வந்தது. அந்தத் தாமதத்துக்கு எந்தச் சாக்கும் எனக்கு ஏற்புடையதல்ல. கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட நாட்களில் பிளாண்டர்ஸில் பெரிய பந்தயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும், தொலைக்காட்சியில் நேரலையாக வரும். அவற்றின் இடுக்கில் சிற்றூர்களில் எங்களைப் போன்றவர்களும் ஓட்டலாம். அப்படித்தான் நாங்கள் போனோம்.

இனி நன்றி. யாரிடமிருந்து தொடங்குவது என்று எனக்குக் குழப்பமே இல்லை: வண்டி மாற்றும் இடமான ‘பிட்’டில் நின்றவர்கள்.

சேற்றுப் பந்தயத்தில் ஒருவருக்கு ஒரு சைக்கிள் போதாது. பாதி சுற்றுக்குள் சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் இடையே களிமண்ணும் புல்லும் அடைத்து, வண்டியின் எடை கிலோக்கணக்கில் ஏறிவிடும், கியர் பேசாது. பாதையோரம் பிட் என்று ஓர் இடம் ஒதுக்கியிருப்பார்கள். அங்கே மட்டும் வண்டி மாற்றிக்கொள்ள அனுமதி உண்டு. பாதை அந்த இடத்தை இரண்டு பக்கமும் தொட்டுச் செல்லும்படி அமைத்திருப்பதால், ஒரு சுற்றில் இரண்டு முறை மாற்றலாம். நான் அழுக்கு வண்டியைக் கைவிட்டு இறங்குகிறேன், சுத்தமான வண்டி நீட்டப்படுகிறது, ஏறிப் போய்விடுகிறேன். எனக்கு அது சில நொடி வேலை. அதன்பிறகு நடப்பதை நான் பார்ப்பதே இல்லை.

என் கணவர் பார்த்தார். தொழில்முறைக் கணக்காளர், “காபி குடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறேன்” என்று வண்டியேறி வந்தவர். முதல் பந்தயத்தில், நான் போட்ட வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு பிரஷர் வாஷர் இருக்கும் இடத்துக்கு ஓடினார். நம் ஊர் வாட்டர் சர்வீஸ் கடைகளில் லாரி கழுவுகிறார்களே, அதே கருவிதான். முன்னால் வரிசை நின்றது. அவர் முறை வந்தபோது மேலிருந்து கீழாக, ஓர் அங்குலம் விடாமல் கழுவத் தொடங்கினார். பக்கத்தில் நீல நிற வேலையுடுப்பில் நின்ற பெரியவர் ஒருவர் ஒரு வார்த்தை பேசாமல் குழாயை அவர் கையிலிருந்து வாங்கினார். பெடல், சங்கிலி, பின்பக்க கியர், பிரேக், சக்கரத்தை ஒட்டிய இடுக்குகள். அவ்வளவுதான். சட்டத்தில் சேறு அப்படியே இருந்தது. கந்தையால் சங்கிலியைத் துடைத்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, பெடலைக் கையால் சுழற்றிக் கியரை இலேசானதில் நிறுத்தி, மறுபக்கத்துக்கு ஓடு என்று சைகை காட்டினார். கணவர் போய்ச் சேரவும் நான் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

அந்தப் பெரியவரின் பேரன் காலையிலேயே சிறுவர் பிரிவில் ஓட்டி முடித்துவிட்டான். குடும்பம் வீட்டுக்குப் போக, இவர் மட்டும் தங்கிவிட்டார். எங்களுக்காக அல்ல, யாருக்குக் கை தேவையோ அவர்களுக்காக. இரண்டாவது சுற்றிலிருந்து எங்கள் வண்டிகளில் ஒன்றை அவரே எடுத்துக்கொண்டார். வரிசையில் இருந்த மற்றவர்களும், யாருடைய ஆள் முதலில் வரப்போகிறார் என்று பாதையைப் பார்த்துவிட்டு, இடம் மாற்றி மாற்றி விட்டுக்கொடுத்தார்கள். எல்லோரும் ஒருவருக்கொருவர் எதிராளிகள் என்பதை நினைவில் வையுங்கள். லண்டனில் நம் பள்ளி வாசலில் கார் நிறுத்தும்போது இந்தப் பண்பை நான் கண்டதில்லை.

அதே பந்தயத்தில் எங்கள் குழுவின் மூத்தவர், ஓய்வை நெருங்கும் பள்ளி ஆசிரியர், வேறுவிதமாகச் சிக்கினார். புல் கட்டி ஒன்று பின்பக்க கியருக்குள் சுருண்டு, அதைச் சட்டத்தோடு பிணைக்கும் சிறு உலோகக் கொக்கியை முறித்துவிட்டது. விரல் நீளம்கூட இருக்காது. வேகமாக இழுத்தால் சட்டம் தப்ப, தான் உடைவதற்கென்றே மெலிதாகச் செய்யப்பட்ட பாகம் அது. கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் அதன் வடிவம் மாறும். எங்களிடம் மாற்றுக் கொக்கி இருந்தது, அது என் வண்டிக்கானது. மறுநாள் அடுத்த பந்தயம். கடைகளுக்கெல்லாம் விடுமுறை.

நீலச் சட்டைப் பெரியவர் தொலைபேசியை எடுத்தார். அரை மணி நேரத்தில் நாங்கள் ஒரு சைக்கிள் கடையின் பின்பக்கக் கொட்டகையில் நின்றோம். கடைக்காரர் சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து வந்திருந்தார், கழுத்தில் கைக்குட்டைகூட அப்படியே இருந்தது. பிஸ்கட் டின் ஒன்றைப் பட்டறையில் கவிழ்த்தார். எல்லாம் பழைய கொக்கிகள். ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார், ஒன்றும் பொருந்தவில்லை. கிட்டத்தட்டப் பொருந்தியதைத் தனியே எடுத்து, இடுக்கியில் மாட்டி, அரத்தால் ராவ ஆரம்பித்தார். ராவுவார், வைத்துப் பார்ப்பார், மறுபடி ராவுவார். மூத்தவர் பணம் நீட்டியபோது, கொக்கியின் விலையை மட்டும் எடுத்துக்கொண்டார். ராவிய நேரத்துக்கு விலை சொல்ல மறுத்துவிட்டார். அந்தக் கொக்கி இன்னும் அந்த வண்டியில்தான் இருக்கிறது. புதியது வாங்கிவிட்டாராம், மாட்ட மனம் வரவில்லையாம்.

எங்களுக்கு வீடு கொடுத்த அம்மாவுக்கு அடுத்த வணக்கம். ஔடெனார்டேயை அடுத்த ஓர் ஊரில், கற்கள் பதித்த கோப்பன்பெர்க் மேட்டுக்கு வெகு தூரமில்லாத வீடு. அந்த மேட்டின் செங்குத்தான இடத்தில் சரிவு 22 சதவீதம் என்கிறார்கள். ஆண்டுதோறும் நவம்பர் 1 அன்று அதையொட்டிய புல்வெளியில் பெரிய பந்தயம் நடக்கும். அந்த அம்மா வாழ்நாளில் சைக்கிள் பந்தயம் ஓட்டியதில்லை. ஆனால் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அந்த வாரத்துத் தொலைக்காட்சி நேரலை அட்டவணை ஒட்டியிருந்தது, வீட்டில் சாப்பாட்டு வேளை அதைப் பார்த்துத்தான் தீர்மானமாகும். வாசலில் சாக்கு விரித்து வைத்திருந்தார். தோட்டத்துக் குழாயில், டிசம்பர் குளிரில், கால்களையும் வண்டியையும் கழுவிய பிறகுதான் உள்ளே அனுமதி. அதில் தயவு தாட்சண்யம் கிடையாது. ஆனால் இரவு நாங்கள் படுத்த பிறகு எங்கள் காலணிகளுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, கொதிகலன் அறையில் அடுக்கி வைத்தது அவர்தான். காலையில் காலணியிலிருந்து பக்கத்தை உருவினால், அதில் பெல்ஜியத்தின் சைக்கிள் நட்சத்திரம் வவுட் வான் ஆர்ட்டின் முகம் சுருங்கிக் கிடக்கும். விளையாட்டுப் பக்கத்தை அவர் வேண்டுமென்றே எடுத்தாரா என்று கேட்டேன். சிரித்தார், பதில் சொல்லவில்லை.

மணலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மோல் என்ற ஊர் வெண்மணலுக்குப் பேர்போனது. கண்ணாடித் தொழிலுக்காகத் தோண்டிய பள்ளங்கள்தாம் இன்று அங்கே ஏரிகளாகிக் கிடக்கின்றன. அந்தப் பக்கத்துப் பந்தயத்துக்கு முந்தைய நாள் பாதையைப் பார்க்கப் போனோம். நான் மணலில் இறங்கிய ஐந்தாவது மிதியில் கவிழ்ந்தேன். எழுந்து மறுபடி போனேன், மறுபடி கவிழ்ந்தேன். கெம்பன் பகுதியைச் சேர்ந்த ஒரு பெண், மறுநாள் என்னோடு போட்டியிட இருந்தவர், தன் பயிற்சியை நிறுத்திவிட்டு வந்து என் டயரைக் கட்டைவிரலால் அழுத்தினார். முகத்தைச் சுளித்தார். வால்வைத் திறந்து காற்றை விட்டார், அழுத்திப் பார்த்தார், இன்னும் விட்டார். கடைசியில் அளந்து பார்த்தபோது 1.1 பார் இருந்தது. உங்கள் காரின் டயரில் இருக்கும் அழுத்தத்தில் பாதி. பிறகு சொன்னார்: மணலுக்கு முன்பே வேகம் பிடி, கியரைக் கனமாக வை, உடம்பைப் பின்னால் தள்ளு, கைப்பிடியைத் திருப்பாதே, முன்னால் போனவரின் தடம் உன்னை இழுத்துப் போகட்டும், வேகம் செத்த பிறகு இறங்காதே, சாவதற்கு முன்பே இறங்கி ஓடு. மறுநாள் அவர் என்னை ஒரு முழுச் சுற்று முந்தினார். முந்தும்போது என் பின்சக்கரத்தைத் திரும்பிப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார்.

பந்தய அமைப்பாளர்கள், கொடி பிடித்து மூலைக்கு மூலை நின்ற ஊர்க்காரர்கள், எங்கள் குழுவின் இளையவரின் முழங்கையைக் கட்டிய செஞ்சிலுவைத் தொண்டர்கள் எல்லோருக்கும் நன்றி. ஒலிபெருக்கியில் என் பெயரைச் சுற்றுக்கொரு விதமாக உச்சரித்தும் மனம் தளராமல் கடைசி வரை முயன்ற அறிவிப்பாளருக்குத் தனி நன்றி. இன்னொருவரும் இருக்கிறார். மேய்ச்சல் நிலத்தைக் கொடுத்த விவசாயி. நாங்கள் போன பிறகு அந்த நிலத்தைப் பார்த்தேன், உழுத வயல் தோற்றது. இனி இளவேனிலில் உருளை போட்டுச் சமப்படுத்தி, புல் விதைத்து, மாடுகள் இறங்க அவர் காத்திருக்க வேண்டும். பரிசளிப்பில் அவர் பெயரை யாரும் சொல்லவில்லை, அவரும் வரவில்லை.

இனி நம் பக்கம். அத்தை குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளாவிட்டால் நான் போயிருக்கவே முடியாது. பண்டிகை நாட்களில் அவர்களை என்னிடம் காட்டாமல் மறைத்து, “நன்றாக இருக்கிறார்கள், போனை வை” என்று சொன்னதற்கும் சேர்த்து நன்றி. கிளப் மைதானத்தில் ஆங்கிலேயர்களின் கேக் மேசைக்குப் பக்கத்தில் வடைச்சட்டி வைத்த அக்காமார்களே, கடலுக்கடியில் போகும் சுரங்க ரயிலின் கட்டணமும் வேனுக்கு டீசலும் உங்கள் வடையில் வந்தவை. கேக் மீந்தது, வடை மிஞ்சவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிறகு இங்கிருந்து பால் பொருட்களையும் இறைச்சியையும் எல்லை தாண்டிக் கொண்டுபோகத் தடை இருக்கிறது. அது தெரிந்து, தயிர்சாதத்தை விட்டுவிட்டுப் புளியோதரையை மட்டும் கட்டிக்கொடுத்த மாமியின் உலக அறிவுக்குத் தலை வணங்குகிறேன். சட்டியில் கடைசிப் பருக்கை வரை போனது. அந்த நீலச் சட்டைப் பெரியவர் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார். மளிகைக் கடை அண்ணன் கொடுத்த பாஸ்மதி அரிசிப் பைகள் சேற்றுத் துணிகளுக்கென்றே பிறந்தவை: கனமான துணி, ஜிப், கைப்பிடி. பிட்டில் நின்ற சிலர் அவற்றை எங்கே வாங்கலாம் என்று விசாரித்தார்கள்.

மீதிப் பணத்தில் கிளப்புக்கு ஒரு பிரஷர் வாஷர் வாங்கியிருக்கிறோம். கொட்டகையில் இருக்கும், சாவி கணவரிடம். கழுவும் முறையை அவரே செய்து காட்டுவார், தப்பிக்க வழியில்லை.

இன்னும் ஓர் உதவி கேட்க வேண்டும். பெரியவரும் பேரனும் வரும் அக்டோபரில் எங்கள் கிளப் பந்தயத்துக்கு வருகிறார்கள், கூடவே பையனின் பெற்றோரும் தங்கையும். எங்கள் வீட்டில் இத்தனை பேருக்குப் படுக்கை இல்லை. அருகில், தோட்டத்துக் குழாயும் கார் கொட்டகையும் உள்ள வீட்டுக்காரர்கள் யாராவது ஒரு வார இறுதிக்கு இடம் தர முடிந்தால் எனக்குச் சொல்லுங்கள். சேறு உள்ளே வரும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். புளியோதரை மாமியின் பொறுப்பு. அவரிடம் இன்னும் கேட்கவில்லை.

அன்புடன்,
உங்கள் கடைசி வரிசைச் சைக்கிள்காரி