கார்மெனும் என் இடது கையும்

அன்புள்ள முரளி,

கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய். நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் விட்டுவிடாதே, உன் சோம்பல் எனக்குத் தெரியும். இங்கே எல்லோரும் சுகம். பேத்திக்கு வாங்கிய கீபோர்டு இப்போது என் வசம்.

அதில் 'கார்மென்' என்ற ஓபராவில் (ஐரோப்பிய இசை நாடகம்) கதாநாயகி கார்மென் பாடும் ஹபனேரா பாட்டைப் பழகிக்கொண்டிருக்கிறேன். இடது கைக்கு நாலே ஸ்வரம்: ச, ப, மேல் க, மறுபடி ப. பாட்டு முடியும்வரை இதேதான். அரங்கில் இது செல்லோக்களின் (பெரிய வயலின் மாதிரி இருக்குமே) வேலை. மேடையில் பாடுகிறவளைப் பார்க்கிற மும்முரத்தில் காதில் ஏறாது. நாமே வாசித்தால்தான் புரிகிறது: மேலே மெட்டு அரை ஸ்வரம் அரை ஸ்வரமாக வழுக்கி இறங்குகிறது, கீழே இடது கை தன் பாட்டுக்கு அசையாமல் நிற்கிறது. அப்புறம் சோகச் சாயலுள்ள மைனரிலிருந்து பிரகாசமான மேஜருக்குத் தாவும்போது இடது கையில் மாறுவது ஒரே ஒரு ஸ்வரம். சாதாரண காந்தாரம் போய் அந்தர காந்தாரம் வருகிறது. விரலைப் பக்கத்துக் கறுப்புக் கட்டைக்கு நகர்த்தினால் போதும், பாட்டின் முகமே மாறிவிடுகிறது!

இந்த மெட்டு ஓபராவை எழுதிய பிஸேயுடையது இல்லை, தெரியுமா? இராடியேர் என்ற ஸ்பெயின் இசையமைப்பாளருடையது. நாட்டுப்பாடல் என்று நினைத்து பிஸே எடுத்திருக்கிறார். விஷயம் தெரிந்ததும் இசைப்பிரதியிலேயே குறிப்புப் போட்டுவிட்டார். பாடகர்கள் பழகுவதற்கான பியானோ பிரதியையும் அவரே எழுதினார். மனிதர் அபாரமான பியானோ கலைஞர், அதனால்தான் கைக்கு அவ்வளவு இணக்கமாக இருக்கிறது. 1875 மார்ச் 3 அன்று பாரிஸில் ஓபரா அரங்கேற்றம். வரவேற்பு சுமார்தான். சரியாக மூன்று மாதத்தில், 36 வயதில், போய்ச் சேர்ந்துவிட்டார். இந்த ஓபரா உலகம் சுற்றியதை அவர் பார்க்கவில்லை.

பியானோ மேதை ஹோரோவிட்ஸ் இதன் மெட்டை விதவிதமாக மாற்றி வாசிக்கும் கார்மென் வேரியேஷன்ஸை நீ கேட்டிருப்பாய். இரண்டாம் அங்கத்து ஜிப்ஸி பாட்டை வைத்துக்கொண்டு விரல் வித்தை காட்டுவார். ஜோராகத்தான் இருக்கும், ஆனால் அதில் கார்மெனைத் தேட வேண்டியிருக்கிறது. எனக்குப் பியானோ கலைஞரும் இசையமைப்பாளருமான புசோனி கார்மென் மெட்டுகளை வைத்து 1920இல் எழுதிய சொனாட்டினாதான் (சின்ன பியானோ படைப்பு) பிடிக்கிறது. கடைசி அங்கத்து ஜனக்கூட்டத்தின் ஆரவாரத்தில் தொடங்கும், நடுவில் ஹபனேரா வரும், முடிவில் கார்மெனின் சாவை முன்கூட்டியே சொல்லும் அந்த விதியின் மெட்டு தேய்ந்து அடங்கும். எட்டு நிமிஷம் போலத்தான் இருக்கும். கதை முழுக்க நடந்து முடிந்த கனம் நெஞ்சில் ஏறிவிடுகிறது. வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், ஹெட்ஃபோன் போட்டுக் கேள்.

உன் ஆர்மோனியப் பெட்டி இருக்கிறதா, யாருக்காவது கொடுத்துவிட்டாயா? இருந்தால் அந்த நாலு ஸ்வரத்தைப் பழகி வை. பொங்கலுக்கு வரும்போது மெட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சேகர்