மேடையில் கழிந்த வருஷங்களையும் கணக்கில் எடுங்கள்

கலை விருதுக்கு ஆள் தேர்வு செய்யும் குழுவினருக்கு,

வணக்கம். விண்ணப்பத்தோடு என்னென்ன சான்று கேட்கிறீர்கள் என்பது உங்களுக்கே தெரியும், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஸ்ரீவைகுண்டம் பக்கம் இருக்கும் எங்கள் மதினி ஒருவர் சின்ன வயசிலிருந்தே மேடை நாடகத்தில் ஸ்திரீபார்ட், அதாவது கதாநாயகி வேஷம், போடுகிறவர். சுத்துப்பட்டியில் கோயில் கொடைத் திருவிழாவுக்கு 'வள்ளி திருமணம்' நாடகம் வைத்தால் வள்ளி வேஷத்துக்கு அவரைத்தான் முதலில் கேட்பார்கள். அவரிடம் இருந்த சான்றெல்லாம் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய கொடை நோட்டீஸ்தான். மஞ்சளும் ரோஸுமாக, ஸ்டாம்பு அளவில் ஒரு போட்டோ, அதற்குக் கீழே அவர் பேர். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி வீட்டுக்குள் வந்தபோது பெட்டியோடு எல்லாம் ஊறிக் கூழாகிவிட்டது. இதைச் சொன்னபோது மனு வாங்கிய இடத்தில் கிடைத்த பதில்: "சீரியல்ல, படத்துல எதுலயாவது தலைகாட்டியிருந்தா அந்த போட்டோவைக் கொடுங்கம்மா, போதும்."

ஒரு சீரியலில் தலைகாட்டியிருக்கிறார். பந்தியில் தண்ணீர் வைக்கிற அம்மா, வசனமே கிடையாது. அதற்குப் போட்டோ இருக்கிறது. நடுச்சாமத்துக்கு மேல் வள்ளியாக, நாரதர் வேஷக்காரரோடு தர்க்கத்துக்கு நின்று, எழுதி வைத்த வசனம் எதுவும் இல்லாமல், அவர் கேட்கிற கேள்விக்கெல்லாம் அந்த இடத்திலேயே பாட்டாகவும் பேச்சாகவும் பதில் சொல்லி, மணிக்கணக்கில் சளைக்காமல் நின்றாரே, அதற்குக் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை. பார்த்த ஊரே சாட்சி. ஊரைக் கேட்கத்தான் உங்கள் படிவத்தில் இடம் இல்லை.

சினிமாவிலும் டிவியிலும் நடிக்கிறவர்களுக்குக் கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை, அவர்களும் உழைக்கிறவர்கள்தான். மேடையில் கழிந்த வருஷங்களையும் கணக்கில் எடுங்கள் என்றுதான் கேட்கிறேன். நெல்லை தங்கராசு ஐயாவை நினைத்துப் பாருங்கள். எத்தனையோ வருஷம் பெண் வேஷம் கட்டி ஊர் ஊராக ஆடியவர். 2018இல் 'பரியேறும் பெருமாள்' படத்தில் கதாநாயகனின் அப்பாவாக வந்த பிறகுதான் வெளியுலகத்துக்கு அவர் பேர் தெரிந்தது, 2023இல் போய்விட்டார். அந்தப் படம் வராமல் இருந்திருந்தால்?

வள்ளி திருமணம் நாடகத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் பிறந்த காட்டுநாயக்கன்பட்டி பழைய திருநெல்வேலி ஜில்லாதான். விழாவுக்கு விழா அவர் பேரைச் சொல்கிறோம், அவர் பாட்டைப் பாடிப் பிழைக்கிறவர்களிடம் சீரியல் போட்டோ கேட்கிறோம். கோபம் வராமல் என்ன செய்யும்?

இதையும் சொல்லிவிடுகிறேன். 2011 முதல் 2018 வரை எட்டு வருஷத்துக் கலைமாமணி விருதை 2019இல் 201 பேருக்கு மொத்தமாகக் கொடுத்தார்கள். 2009 முதல் 2014 வரைக்கான அரசு திரைப்பட விருதுகள் 2022இல்தான் கைக்கு வந்தன. சினிமாக்காரர்களுக்கே இப்படி என்றால், ராத்திரி முழுக்க நின்று முழங்கால் தேய்ந்துபோன நாடகக்காரர்கள் எத்தனை வருஷம் காத்திருக்க முடியும்?

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். மேடை வருஷங்களைக் கணக்கில் எடுங்கள். நோட்டீஸ் இல்லாதவர்களுக்கு, கூட நடித்த ராஜபார்ட் (கதாநாயகன் வேஷக்காரர்), ஆர்மோனியக்காரர், ஊரில் வரி போட்டுக் கொடை நடத்திய வரிதாரர்கள் எழுதித் தரும் கடிதத்தைச் சான்றாக ஏற்றுக்கொள்ளுங்கள். அதுவும் போதாது என்றால் குழுவில் ஒருவரை ஒரு கொடை ராத்திரிக்கு அனுப்பி வையுங்கள், தங்க இடமும் சாப்பாடும் ஊர் பார்த்துக்கொள்ளும். மதினியின் மனு இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது. திருப்பி அனுப்புவதற்கு முன்னால் தயவுசெய்து இன்னொரு முறை எடுத்துப் படித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
தாமிரபரணிக் கரையிலிருந்து ஒரு நாடக ரசிகன்