கட்-ஆஃப் போடுகிறீர்கள், கட்டணத்தையும் தேதியையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீட் முடிவு வந்த மறுநாளே 720-க்கு எத்தனை வாங்கினால் எந்தக் கல்லூரி என்று பட்டியல் வந்துவிடுகிறது. உங்கள் நாளிதழிலும் வருகிறது. சென்னையைச் சுற்றியுள்ள தனியார் மருத்துவக் கல்லூரிகளைப் பொறுத்தவரை, கையில் வந்த சீட் நழுவுவது பெரும்பாலும் பணத்திலும் தேதியிலும்தான். சேர்க்கை அலுவலகமும் வகுப்பறையும் தெரிந்தவர்கள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறோம்.

'பிரைவேட் காலேஜ்' என்று ஒரே பெயரில் சொன்னாலும் வாசல் இரண்டு. போரூர் ராமச்சந்திரா, தண்டலம் சவீதா, காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம்., கேளம்பாக்கம் செட்டிநாடு, குரோம்பேட்டை ஸ்ரீ பாலாஜி போன்றவை டீம்டு, அதாவது நிகர்நிலைப் பல்கலைக்கழகக் கல்லூரிகள். அவற்றின் இடங்களை நிரப்புவது டெல்லியில் உள்ள எம்.சி.சி. என்ற மத்திய மருத்துவக் கலந்தாய்வுக் குழு. நம் மாநிலத்தின் 69 சதவீத இடஒதுக்கீடும், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீதமும் அங்கே செல்லாது. இரத்தினமங்கலம் தாகூர், குன்றத்தூர் சாலை மாதா போன்ற சுயநிதிக் கல்லூரிகள் கிண்டி எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. இவற்றுக்குக் கவுன்சலிங் நடத்துவது கீழ்ப்பாக்கத்தில் உள்ள தேர்வுக் குழு. 65 சதவீதம் அரசு ஒதுக்கீடு, சிறுபான்மைக் கல்லூரி என்றால் 50, மிச்சம் மேனேஜ்மென்ட். அரசு ஒதுக்கீட்டுக்கு ஒரு விண்ணப்பம், மேனேஜ்மென்ட்டுக்குத் தனி விண்ணப்பம். ஒன்றைப் போட்டுவிட்டு இரண்டுக்கும் சேர்த்துத்தான் என்று நினைத்திருந்தவர்கள் பட்டியலில் பெயர் தேடி அலைவது ஆண்டுதோறும் நடக்கிறது.

எம்.சி.சி.யில் டீம்டு இடத்துக்குப் பதிவு செய்யக் கட்டணம் 5,000 ரூபாய், அது திரும்பாது. டெபாசிட் 2 லட்சம், அது திரும்பும். எந்தக் கணக்கிலிருந்து போனதோ அதே கணக்குக்குத்தான் திரும்பும். இந்த ஒரு வரியைப் படிக்காமல் பிரவுசிங் சென்டர்காரரின் கார்டிலோ, மாமாவின் நண்பர் கணக்கிலோ கட்டிவிட்டு, பல மாதம் கழித்து அவர் பின்னால் நடக்கும் குடும்பங்கள் உண்டு. அப்பா, அம்மா அல்லது மாணவர் கணக்கிலேயே கட்டுங்கள். திரும்பி வரும்வரை அந்தக் கணக்கை மூடவும் வேண்டாம்.

கவுன்சலிங் சுற்றுகளின் விதியும் அப்படித்தான். முதல் சுற்றில் இடம் கிடைத்துச் சேராவிட்டால் நஷ்டமில்லை. இரண்டாவதில் கிடைத்துச் சேராவிட்டால் டெபாசிட் போகும். மிஞ்சிய காலி இடங்களுக்காகக் கடைசியாக வரும் ஸ்ட்ரே சுற்றில் இடம் வாங்கிச் சேராதவர் டெபாசிட்டோடு அடுத்த ஆண்டு நீட் எழுதும் வாய்ப்பையும் இழக்கிறார். ஆகவே 'சும்மா போட்டுப் பார்ப்போம்' என்று இருபது கல்லூரியை வரிசையில் சேர்ப்பது ஸ்ட்ரே சுற்றில் ஆபத்தான விளையாட்டு. கட்ட முடியாத கட்டணம் உள்ள கல்லூரி சாய்ஸ் பட்டியலில் இருக்கவே கூடாது. அந்தப் பட்டியலை லாக் செய்ய (இறுதியாக்க) மறந்தால் தப்பித்தோம் என்றும் எண்ண வேண்டாம், சேமித்த வரிசை கெடு முடிந்ததும் தானாக லாக் ஆகும். அடுத்த சுற்றில் இன்னும் நல்ல இடத்துக்கு அப்கிரேடு வேண்டும் என்று டிக் செய்து மேல் இடம் கிடைத்துவிட்டால் பழைய இடம் அந்த நிமிடமே போய்விடும். 'இதுவே போதும்' என்று திரும்பிவர வழியில்லை.

இனி பணம். சென்னையின் டீம்டு கல்லூரிகளில் ஆண்டுக் கல்விக் கட்டணமே 20 லட்சத்தைத் தாண்டுகிறது. அலாட்மென்ட் வந்தபின் சேர்வதற்குக் கிடைப்பது சில நாட்கள்தான். அதற்குள் வங்கிக் கடன் வராது. ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் வங்கி பெரும்பாலும் சொத்து அடமானம் கேட்கும். மூலப்பத்திரம், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, வங்கி வக்கீலின் கருத்து, மதிப்பீட்டாளர் அறிக்கை என்று ஒவ்வொன்றுக்கும் நாட்கள் ஓடும். நம் ஊரில் வேலை நிற்கும் இடம் பெரும்பாலும் பட்டா. வீடு அப்பா அனுபவத்தில், பட்டாவோ இன்னும் தாத்தா பெயரில். வாரிசுச் சான்று வாங்கி, அத்தைகளிடம் கையெழுத்து வாங்கிப் பெயர் மாற்றுவதற்குள் எல்லாச் சுற்றும் முடிந்துவிடும். பிள்ளை பிளஸ் டூ படிக்கும்போதே பட்டாவைப் பார்த்துவிடுவது, கோச்சிங் சென்டரில் சேர்ப்பதற்குச் சமமான ஏற்பாடு.

கல்விக் கட்டணம் மொத்தச் செலவில் ஒரு பகுதிதான். விடுதி, மெஸ், பல்கலைக்கழகப் பதிவு, தேர்வுக் கட்டணம், காப்புத்தொகை, பஸ், புத்தகம் எல்லாம் தனி. சில இடங்களில் முதலாண்டு விடுதி கட்டாயம். இன்னொரு கேள்வியை அவசியம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: படிப்பு நாலரை ஆண்டு, அதன்பின் ஓராண்டு ஹவுஸ் சர்ஜன், கட்டணம் நாலரை ஆண்டுக்கா, ஐந்துக்கா? அரை ஆண்டு வித்தியாசமே 10 லட்சத்துக்கு மேல் வரும். ஹவுஸ் சர்ஜனுக்கு மாதம் எவ்வளவு உதவித்தொகை, அது வங்கிக் கணக்கில் வருகிறதா என்பதை அங்கே இப்போது பயிற்சியில் இருப்பவரிடம் கேட்டால் உண்மை தெரியும்.

புரோக்கர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்ட்ரே சுற்று உட்பட எல்லாமே ஆன்லைன் அலாட்மென்ட் என்றான பிறகு, 'சீட் கன்ஃபர்ம், அட்வான்ஸ் மட்டும் கொடுங்க' என்பவரிடம் விற்க எதுவுமே இல்லை. பத்துப் பேரிடம் வாங்குவார். இருவருக்குத் தங்கள் ரேங்கிலேயே இடம் வரும், அதைத் தன் கணக்கில் எழுதிக்கொள்வார். மற்ற எட்டுப் பேரை இழுத்தடிப்பார். நன்கொடை கேட்பதைத் தடை செய்து மாநிலச் சட்டம் 1992-லேயே வந்துவிட்டது. ரசீது தராத ரூபாயைக் கொடுக்காதீர்கள்.

சான்றிதழ்களில் அதிகம் இடறுவது இரண்டு. ஒன்று, பெயர். மதிப்பெண் பட்டியலில் 'கா. மலர்விழி', ஆதாரில் 'மலர்விழி காளிதாஸ்'. நம் இனிஷியல் வழக்கம் டெல்லி மென்பொருளுக்குப் புரியாது. நீட் விண்ணப்பத்துக்கு முன்பே ஆதாரைத் திருத்திவிட வேண்டும். இரண்டு, டி.சி. கவுன்சலிங் இழுத்துக்கொண்டே போகும் என்று பொறியியலில் சேர்ந்துவிடுகிறார்கள். ஒரிஜினல் முழுவதும் அந்தக் கல்லூரி பீரோவில். மருத்துவ இடம் சனிக்கிழமை வந்தால் அங்கே ஆபீஸ் திறப்பது திங்கள். கட்டணத்தைத் தீர்த்தால்தான் தருவேன் என்பவர்களும் உண்டு. ஒரிஜினலைக் கொடுக்கும் நாளிலேயே எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள் என்று கேட்டுவைக்க வேண்டும். நீட் விண்ணப்பத்தில் பதிவேற்றிய அதே போட்டோவில் எட்டுப் பிரதி எடுத்து வையுங்கள். ஸ்டுடியோவில் சாஃப்ட் காப்பியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்க கட்டடத்தையும் நீச்சல் குளத்தையும் பார்ப்பதில் பயனில்லை. வாரநாள் காலை பத்து மணிக்கு ஓ.பி.யில் போய் நில்லுங்கள். சீட்டு வாங்கும் வரிசை எவ்வளவு, மருந்தகத்தில் கூட்டம் உண்டா, பொது மருத்துவ வார்டில் எத்தனை கட்டில் காலி? ஆண்டுக்கு 150 மாணவர்களைச் சேர்க்கும் கல்லூரிக்கு 600-க்கும் மேற்பட்ட படுக்கைகள் வேண்டும். நோயாளி இல்லாத வார்டில் ஸ்டெதஸ்கோப் கழுத்தணிதான். போக்குவரத்தையும் பாருங்கள்: காட்டாங்குளத்தூருக்குப் பொத்தேரி வரை மின்சார ரயில் உண்டு, கேளம்பாக்கத்துக்கு ரயிலே இல்லை.

சேர்ந்த பிறகு பலர் சறுக்குவது முதலாண்டில். உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் மூன்றையும் தேற நான்கு வாய்ப்புக்கு மேல் இல்லை. வருகை, தியரியில் 75 சதவீதம், செய்முறையில் 80 வேண்டும். வெள்ளி மதியமே கிளம்பி நெல்லை எக்ஸ்பிரஸ் பிடிக்கும் பிள்ளைக்கு, வெள்ளி மாலையும் சனியும் உள்ள செய்முறை வகுப்புகள்தான் குறைகின்றன; ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால் தியரி தப்பிக்கும், செய்முறை இடிக்கும். டிஸெக்‌ஷன் ஹாலில் ஃபார்மலின் நெடிக்குக் கண் எரிவது சில வாரத்தில் பழகிவிடும். அன்றன்று ரெகார்டிலும் லாக்புக்கிலும் கையெழுத்து வாங்காமல் விட்டது பழகாது, தேர்வுக்கு முந்தைய வாரம் மொத்தமாக வந்து நிற்கும். தமிழ் வழியில் படித்தவர்கள் வைவா என்ற வாய்மொழித் தேர்வில் திணறுவது விஷயம் தெரியாமல் இல்லை, வாயால் சொல்லிப் பழகாததால். தொடக்க வாரங்களில் நடக்கும் அறிமுகப் பயிற்சியில் மொழி வகுப்பும் உண்டு. அதை வீண் என்று தவிர்ப்பவர்கள்தான் அதிகம். வார்டுக்குப் போகும்போது நிலைமை தலைகீழ்: வெளிமாநிலத்து மாணவர் 'எப்போதிருந்து வலி' என்று கேட்கத் தெரியாமல் நம் பிள்ளையைத் தேடுவார்.

ஆசிரியர் அவர்களிடம் கேட்பது இதுதான். கவுன்சலிங் தொடங்கும் வாரத்தில் கட்-ஆஃப் பட்டியலுக்குப் பக்கத்தில் இன்னும் நான்கு பத்தி சேருங்கள்: எந்த கவுன்சலிங், ஆண்டுக் கல்விக் கட்டணமும் எத்தனை ஆண்டுக்கு என்பதும், விடுதியும் மெஸ்ஸும், ஹவுஸ் சர்ஜன் உதவித்தொகை. தர மறுக்கும் கல்லூரிக்கு நேரே 'தகவல் தரவில்லை' என்று அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
மருத்துவக் கல்லூரி முன்னாள் அலுவலர்கள் இருவர்,
அண்ணாநகர், சென்னை - 40