கொல்லிமலை சேத்துக்கு ஒரு மன்னிப்பு

மாப்ள,

திட்டாத. நீ அனுப்புன மெசேஜு எட்டு மாசமா அப்படியே கெடக்கு, தெனம் பாக்குறேன், நாளைக்கி எழுதலாம்னு வச்சிருவேன். இங்க எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு கண்ணு ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சுது, பாப்பா பத்தாவது, ஒல்லிக்கு மறுபடியும் பொண்ணு பாக்குறாங்க, சிரிக்காத. நியூஸ் அவ்ளோதான்.

இப்ப விசயம். உங்கிட்ட ஒரு மன்னிப்பு பாக்கி வச்சிருக்கேன். 1999 ஆடி 18, ஓரி விழா பாத்துட்டு செம்மேட்டுலருந்து திரும்பையில அப்பாவோட அம்பாசிடர் மண்ரோட்டுல மாட்டுச்சுல்ல, பின்னாடி இடது சக்கரம் சேத்துல, வலது சக்கரம் பாறை மேல. நீதான் இடது பக்கம் நின்னு தள்ளுன, தலையிலருந்து கால் வரைக்கும் சேறு. அன்னிலருந்து உனக்கு சேத்துப் புள்ளையார்னு பேரு. இவன் தள்ளுற மாதிரி நடிச்சான்டான்னு இத்தன வருசமா ஓட்டிட்டிருக்கோம், உன் கல்யாணத்துல மைக்கப் புடிச்சு வேற குண்டன் சொன்னான். மாப்ள, நீ ஒழுங்காத்தான் தள்ளிருக்க. அன்னிக்கு வேல செய்யாம சும்மா நின்னது பாறை மேல இருந்த அந்த வலது சக்கரம்.

எப்புடித் தெரியும்னு கேளு. போன வாரம் அதே வண்டியோட டிஃபரென்ஷியல, அதான் பின் சக்கரம் ரெண்டுக்கும் நடுவுல இருக்குற பல்சக்கர டப்பாவ, கழட்டிப் போட்டாங்க. நம்ம மேஸ்திரி ஷெட்டுல ஸ்டூலப் போட்டு ரெண்டு நாள் உக்காந்துட்டேன், வீட்ல சோத்த அங்கயே குடுத்தனுப்புனா, பாசத்துல இல்ல கடுப்புல. முன்னாடி இருந்து வர்ற ஷாஃப்டு முனைல பினியன்னு ஒரு சின்னப் பல்சக்கரம், பல்ல எண்ணுனேன், 9. அது சுத்துற பெரிய பல்சக்கரம் கிரௌன் வீல், அதுல 41. ஏன் 36 வச்சா கணக்கு லேசா இருக்குமேன்னு கேட்டேன். 36 வச்சா பினியனோட ஒவ்வொரு பல்லும் எப்பவும் அதே நாலு பல்லோடதான் ஒரசும், 41 வச்சா சுத்திச் சுத்தி எல்லாத்தோடயும் ஒரசும், தேய்மானம் ஒரே மாதிரி இருக்கும்னாரு. "ஒருத்தங்கூடயே மல்லுக்கட்டிட்டு இருந்தா ரெண்டு பேரும் கெட்டுப்போவீங்க, ஊரு பூராவும் பழகணும்டா"ன்னு பீடியப் பத்த வச்சாரு.

கிரௌன் வீலோட சேத்து முடுக்குன கூண்டுக்குள்ளதான் மாப்ள கூத்தே. குட்டியா ரெண்டு ஸ்டார் பினியன், அதுங்களுக்கு ரெண்டு பக்கமும் சன் கியரு, அதுலருந்து ஆளுக்கொரு சக்கரத்துக்கு ஆக்சில் போவுது. நேரா போனா ஸ்டார் பினியன் தன் அச்சுல உருளாது, கூண்டோட சேந்து ரெண்டு பக்கத்தயும் இழுத்துட்டுப் போவும். வளைவுல உள்சக்கரம் மெதுவா போனா அது உருள ஆரம்பிக்கும், இந்தப் பக்கம் எவ்ளோ கொறையுதோ அவ்ளவ அந்தப் பக்கம் சேத்துக் குடுத்துரும். கொல்லிமலைல 70 கொண்டை ஊசி வளைவுல்ல, ஒரு அரைவட்டம் திரும்புனா வெளிச்சக்கரம் 4 மீட்டர் கூட ஓடியாகணும். வளைவு சின்னதோ பெருசோ அதே 4 மீட்டர்தான், நான் நம்பல, பாப்பாதான் போட்டுக் காட்டுனா, ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல சுமாரா 1.3 மீட்டர், அத பை-யால, அதான் 3.14ஆல, பெருக்குனா போதும், ரேடியஸ் கழிச்சல்ல அடிபட்டுப் போயிருது. இந்த டப்பா மட்டும் இல்லன்னா வளைவுக்கு வளைவு டயரு தேச்சுக்கிட்டேதான் ஏறணும். கிட்டத்தட்ட 200 வருசத்துக்கு முன்னாடியே பிரான்ஸ்ல பெக்கர்னு ஒரு கடிகாரக்காரரு நீராவி வண்டிக்குன்னு இதுக்கு பேட்டன்ட் வாங்கிட்டாராம், நமக்கு இப்பத்தான் வெளங்குது.

ஆனா இதுல ஒரு எடக்கு இருக்கு. மேஸ்திரி சொன்னதுதான், நான் இத்தன பக்கம் எழுதுனாலும் இதுக்கு மேல சொல்ல முடியாது: நுகத்தடில ரெண்டு மாடு பூட்டிருக்க, ஒண்ணு சண்டி பண்ணிப் பின்வாங்குது, இன்னொண்ணு எவ்ளோ பெரிய காளையா இருந்தாலும் நுகம் சாயுமே தவிர வண்டி நகருமா? சேத்துல இருக்குற சக்கரத்துக்கு எதிர்ப்பே இல்ல, சும்மா வழுக்கிச் சுத்துது, அதுக்கு எவ்ளோ இழுவை போவுதோ அதே அளவுதான் பாறை மேல இருக்குறதுக்கும் போவும். அன்னிக்கு மீட்டர் முள்ளு 30 காட்டுச்சு ஞாபகம் இருக்கா? ஒரு சக்கரம் பூஜ்யம், அப்ப உன் மூஞ்சிக்கு நேரா சுத்துனது 60ல. சேறு ஏன் அப்புடி அடிச்சுதுன்னு இப்பப் புரியுதா.

அந்த மலைக்காரப் பெரியவர் வந்து ஹேண்ட்பிரேக்க பாதி இழுத்துக்கிட்டு ஆக்சிலேட்டர் குடுங்கன்னாரு, நிக்கிற வண்டிக்கு எதுக்குய்யா பிரேக்குன்னு எங்கப்பா சிரிச்சாரே. அவரு சொன்னதுதான்டா சரி. சுத்துற சக்கரத்தப் புடிச்சா அதுக்கு எதிர்ப்பு வருது, அப்ப அந்தப் பக்கமும் அதே அளவு கெடைக்குது. கொஞ்சந்தான் கெடைக்கும், ஆனா கெடைக்கும். டிராக்டர்ல டிஃப்லாக் பெடல் எதுக்கு வச்சிருக்கான், இதுக்குத்தான், சேத்துழவுல ஒரு சக்கரம் வழுக்குனா மிதிச்சு ரெண்டு ஆக்சிலயும் ஒண்ணாக் கட்டிருவாங்க.

சரி, வண்டிய ஏன் பிரிச்சோம்னு சொல்லல. இதத்தான் உங்கிட்ட சொல்லணும்னு எழுத உக்காந்தேன், வேற எங்கயோ போயிட்டேன்.

ஆறு மாசமா 50, 60ல போனா பின்னாடி ஒரு ஊளை. ஆக்சிலேட்டர் மிதிச்சா ஏறும், கால எடுத்தா அடங்கும். மேஸ்திரிகிட்ட விட்டேன், வீல் பேரிங்னாரு, மாத்துனாரு, ஊளை போகல. மறுபடி விட்டேன், பின்னாடி ஸ்பிரிங் பட்டையப் பாத்தாரு, அத ஆக்சிலோட சேத்து நிறுத்துற சென்டர் போல்ட்டு வெட்டிருந்துச்சு, ஆக்சில் ஒரு பக்கம் பின்னால நகந்திருந்துச்சு. ரோட்டுல லாரி நண்டு மாதிரி கோணலா போவுமே, அதான். அந்தப் பட்டை பள்ளம் தாங்குறதுக்கு மட்டும்னு நெனச்சுட்டிருந்தேன், டிஃபரென்ஷியலயும் ஆக்சிலயும் வண்டிக்கு நேராப் புடிச்சு வச்சிருக்கறதே அதுதானாம். வண்டி அமுங்குனா பட்டை நிமிந்து நீளும், அதுக்குத்தான் பின் முனைல ஷேக்கிள்னு ஆடுற துண்டு, அத வெல்டு வச்சா ஒரே நாள்ல பட்டை முறியும். ஷாக் அப்சார்பரும் பேருதான் அப்புடி, குலுக்கல வாங்குறது பட்டை, அந்தப் பட்டை விடாம ஆடிட்டே இருக்காம ஆயில சின்ன ஓட்டைல தள்ளித் தள்ளி அடக்குறதுதான் இதோட வேல. வண்டி மூலைய அமுக்கி விடு, ஒரு தடவ எழும்பி நின்னா சரி, தொட்டில் மாதிரி ஆடுனா போச்சு. என்னோடது தாலாட்டே பாடுச்சு. எல்லாம் மாத்தி ஜம்முனு ஆச்சு, ஊளை மட்டும் அப்படியே இருக்கு.

மூணாவது தடவ அவரயே பக்கத்துல வச்சு ஓட்டுனேன். சேந்தமங்கலம் ரோட்டுல 60ல ஊளை காதப் பிளக்குது. இப்பக் கேக்குதாங்கண்ணாங்கறேன். "எங்க, சுத்தமா இருக்கேடா"ங்கறாரு.

மாப்ள, அவருக்கு கேக்கல. ஸ்க்ரூடிரைவர் பிடிய காதுல வச்சு எந்தப் பேரிங்னு சொல்ற மனுசன். பேச்சு கேக்குது, அந்த மெல்லிசான சத்தம் மட்டும் கேக்கல. நான் ஒண்ணும் சொல்லல. கொஞ்ச நேரம் கழிச்சு அவரா குனிஞ்சு தரைல உள்ளங்கையப் பதிச்சு வச்சாரு, என்னைய மிதிக்கச் சொன்னாரு, விடச் சொன்னாரு, மறுபடி மிதிக்கச் சொன்னாரு. "பினியன்டா"ன்னாரு. ஷெட்டு வர்ற வரைக்கும் ஒரு வார்த்த பேசல. பிரிச்சுப் பாத்தா பினியன் சீல் ஒழுகி ஆயில் பாதிதான் இருக்கு, பல்லெல்லாம் அம்மை போட்ட மாதிரி. பேரிங் மாத்துன கூலிய திருப்பிக் குடுக்க வந்தாரு, நான் வாங்கல, அது தப்போன்னு இப்பத் தோணுது.

காது டாக்டர்கிட்ட போலாங்கண்ணான்னு எனக்குச் சொல்ல வாய் வரல. நீ லீவுக்கு லீவு அவருகிட்ட ஸ்பேனர் எடுத்துக் குடுத்தவன், உன்னைய இன்னும் கலெக்டருன்னுதான் சொல்றாரு, நீ சொன்னா கேப்பாரு. போன்ல சொல்லாத, நேர்ல வா.

வரும்போது புதுப்பேட்டைல அம்பாசிடர் கிரௌன் பினியன் செட்டு கெடைக்குதா பாரு, 2014லயே வண்டிய நிறுத்திட்டானுங்க, இங்க கெடைக்கல. ஜோடியாத்தான் வாங்கணும், ரெண்டயும் ஒண்ணா ஓட்டித் தேச்சு செட் பண்ணிருப்பாங்க, ரெண்டுலயும் ஒரே நம்பர் பொறிச்சிருக்கும், டார்ச் அடிச்சுப் பாத்து வாங்கு. பல்ல எண்ணிரு, 9, 41. பஸ்ல சீட்டுக்கு அடில வைக்காத, சாக்குல சுத்தி மடில வச்சுக்க.

குண்டன்கிட்ட மன்னிப்பு விசயத்த நான் இன்னும் சொல்லல.

உன் மாப்ள