ஆம்பூர்ச் செய்தியைப் பேரணாம்பட்டுக்காரன் எங்கே தேடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் பேரணாம்பட்டைச் சேர்ந்தவன். எத்தியோப்பியாவில் மோஜோ என்ற ஊரில் ஒரு டேனரியில், அதாவது தோல் பதனிடும் தொழிற்சாலையில், வேலை பார்க்கிறேன். இப்போது விடுமுறையில் ஊருக்கு வந்திருக்கிறேன். அங்கே இருக்கும்போதும் உங்கள் நாளிதழின் வேலூர் பதிப்பைத் தினமும் செல்போனில் படிக்கிறவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். 2019-ல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். அதன் பிறகு நீங்கள் எங்கள் செய்தியையும் மூன்றாகப் பிரித்துவிட்டீர்கள். அதை மறுபடி ஒன்றாகக் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

மாவட்டம் பிரிந்ததில் எனக்கு வருத்தம் கிடையாது. வாணியம்பாடிக்காரர் ஒரு மனு கொடுக்க வேலூர் கலெக்டர் ஆபீசுக்கு பஸ் ஏறி ஒரு நாள் கூலியை விட்ட காலம் ஒழிந்தது, நல்லது. 1989-ல் வடஆற்காட்டிலிருந்து திருவண்ணாமலை தனியாகப் போனதும் இதே நியாயத்தில்தான். ஆனால் தாலுகா ஆபீசுக்காகப் போட்ட கோட்டைப் பத்திரிகையும் தனக்குப் போட்டுக்கொள்ள வேண்டுமா? என் வீடு பேரணாம்பட்டில், அது வேலூர் மாவட்டம். அக்காவைக் கொடுத்தது ஆம்பூரில், அது இப்போது திருப்பத்தூர் மாவட்டம். மனைவிக்கு வாலாஜா, அது ராணிப்பேட்டை மாவட்டம். பேரணாம்பட்டில் பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் ஆம்பூரில் இறங்கிவிடலாம். அந்த ஆம்பூரில் என்ன நடந்தது என்று வேலூர் பக்கத்தில் தேடினால் இல்லை. அது வேறு பதிப்பு. சாவுச் செய்தி, கல்யாணச் செய்தி, கண்ணீர் அஞ்சலி விளம்பரம் எல்லாம் அந்தப் பக்கத்தோடு போய்விட்டது. ஊரில் இருப்பவருக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. டீக்கடையில் யாராவது சொல்லிவிடுவார்கள். எங்களுக்கு டீக்கடையும் பத்திரிகைதான்.

வெளிநாட்டில் இருக்கும் எங்களைப் பற்றி ஒரு வார்த்தை. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் ஊர்களிலிருந்து துபாய்க்கும் சவூதிக்கும் மட்டும் ஆட்கள் போகவில்லை. தோல் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள். எத்தியோப்பிய மலைநாட்டு ஆட்டுத்தோல் கையுறைக்குப் பெயர் போனது. கச்சாத் தோலை அப்படியே வெளியே அனுப்பினால் 150 சதவீதம் வரி என்று அந்த அரசு போட்டது. அப்புறம் தோலை அங்கேயே பதனிட வேண்டியதாயிற்று, கைப்பழக்கம் உள்ள ஆட்கள் தேவைப்பட்டார்கள். அப்படிப் போனவர்களில் நானும் ஒருவன். தலைநகர் அடிஸ் அபாபாவிலிருந்து தென்கிழக்கே சுமார் 70 கிலோமீட்டரில் மோஜோ. நம் வேலூர் வெயில் அங்கே கிடையாது, ராத்திரியில் போர்வை வேண்டும். அவர்கள் கடிகாரத்தில் பொழுது விடிவதிலிருந்து மணி கணக்கு. நமக்குக் காலை ஏழு என்றால் அவர்களுக்கு ஒன்று. புதிதாகப் போகிறவர்கள் ஷிப்ட்டுக்கு நேரம் கேட்டுக் குழம்பிப் போவார்கள்.

எங்கள் மெஸ்ஸில் ஈரோட்டுக்காரர் உண்டு, திண்டுக்கல்காரர் உண்டு. அந்த ஊர்களும் தோல் ஊர்கள்தானே. ஈரோட்டுக்காரர் "சாப்டாச்சுங்களா" என்பார். நான் "நாஸ்தா ஆச்சா" என்பேன். முதலில் கொஞ்சம் சிரித்தார்கள். எங்கள் "இன்னாபா"வையும் "வந்துகினு கீறேன்"னையும் சினிமாவில் ரவுடிக்கும் காமெடியனுக்கும் கொடுத்தே பழக்கிவிட்டார்கள். அதைப் பேசுகிற மனிதர் அதே பேச்சில் மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பார், பேங்கில் கடன் கேட்பார், இழவு வீட்டில் துக்கம் விசாரிப்பார் என்பது வெளியூர்க்காரருக்குத் தோன்றுவதே இல்லை. ஆனால் டேனரியில் டிரம் ஓட்டுகிற எத்தியோப்பியப் பையன்கள் தமிழ் கற்றது எங்களிடம்தான். காலையில் உள்ளே நுழைந்ததும் ஒருவன், தோலைச் சுண்ணாம்பில் ஊறவைக்கும் லைமிங் வேலையைப் பற்றி, "இன்னா சார், லைமிங் ஆய்ப்போச்சா?" என்று கேட்பான். அவனுக்கு அதுதான் தமிழ், அதில் உயர்த்தி தாழ்த்தி எதுவும் இல்லை. திண்டுக்கல்காரர்கூட இப்போது அவனோடு "ஆய்ப்போச்சு" என்றுதான் பேசுகிறார்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. உங்கள் நிருபர் எங்கள் ஊர் அம்மா ஒருவரிடம் பேசிவிட்டு எழுதும்போது, "குடிநீர் சீராக விநியோகிக்கப்படுவதில்லை எனப் பொதுமக்கள் வேதனையுடன் தெரிவித்தனர்" என்று முடித்துவிடுகிறார். அந்த அம்மா அப்படிப் பேசியிருக்க மாட்டார். "பத்து நாளா கொயாயில சொட்டுத் தண்ணி வரல, யாராண்ட போய் சொல்றது" என்றுதான் சொல்லியிருப்பார். அதை அப்படியே மேற்கோளில் போட்டால் என்ன? தூரத்தில் உட்கார்ந்து படிக்கிற எனக்கு அந்த ஒரு வரியில் தெருவே தெரியும். செய்தியின் மற்றப் பகுதி பத்திரிகைத் தமிழிலேயே இருக்கட்டும், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பேசியவர் வாயிலிருந்து வந்ததை மட்டும் மாற்றாதீர்கள்.

2021 நவம்பரை நான் மறக்க மாட்டேன். அந்த மாதம் 2-ம் தேதி எத்தியோப்பியாவில் நெருக்கடி நிலை அறிவித்தார்கள். வடக்கே திக்ராய் மாநிலத்தில் தொடங்கிய சண்டை தலைநகரை நோக்கி வருகிறது என்று உலகம் பூரா பேச்சு. அம்மா டிவியில் அதைப் பார்த்துவிட்டுத் தினமும் போன் செய்வார். மோஜோ தெற்கே இருக்கிறது, பேக்டரி ஓடுகிறது, பயமில்லை என்று நான் எவ்வளவு சொன்னாலும் நம்ப மாட்டார். வீட்டில் இருப்பவர்களுக்கு எத்தியோப்பியா என்றால் பஞ்சம், போர் இரண்டுதான். சந்தை, பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும் வெள்ளைத் துணிக் கூட்டம் இதெல்லாம் இங்கே எந்தச் செய்தியிலும் வராது.

அதே மாதத்தில்தான் பாலாற்றில் வெள்ளம். 19-ம் தேதி வெள்ளிக்கிழமை, கார்த்திகை தீபம். விடியற்காலையில் பேரணாம்பட்டில் மழையில் ஊறிய சுவர் சரிந்து வீடு இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 9 பேர் இறந்தார்கள். நான்கு பேர் குழந்தைகள். எனக்குக் கிடைத்தது "வேலூர் அருகே வீடு இடிந்து 9 பேர் பலி" என்ற ஒற்றை வரி. அன்று காலைதான் மூன்று வேளாண் சட்டங்களையும் திரும்பப் பெறுவதாகப் பிரதமர் அறிவித்தார். எந்தச் சேனலைத் திருப்பினாலும் அதுதான். பெரிய செய்தி, மறுக்கவில்லை. ஆனால் எந்தத் தெரு, யார் வீடு என்று தெரியாமல் நான் தவித்தேன். எங்கள் வீட்டுக்குப் பின்பக்கச் சுவரும் பழைய மண் சுவர்தான். வீட்டு நம்பர் கிடைக்கவில்லை, அக்கா நம்பரும் கிடைக்கவில்லை. ஆம்பூர்ப் பக்கம் வெள்ளம் எப்படி என்று பார்க்கலாம் என்றால் அது வேறு மாவட்டத்துப் பக்கம். கடைசியில் அம்மாவே போனில் வந்தார். "நம்ப வூட்டுக்கு ஒண்ணும் ஆவல நைனா. பாவம், அந்தப் புள்ளைங்க. நீ எப்டி கீற? அங்க சண்ட நடந்துகினு கீதாமே. சோறு துன்னியா?" என்றார்.

வெள்ளத்துக்கு மாவட்ட எல்லை தெரியாது. பாலாறு கர்நாடகத்து நந்தி மலையில் பிறந்து, ஆந்திரத்தில் 33 கிலோமீட்டர் ஓடி, வாணியம்பாடி பக்கம் புல்லூரில் தமிழ்நாட்டுக்குள் வருகிறது. புல்லூர்த் தடுப்பணையை 2016-ல் ஆந்திரம் உயர்த்தியதிலிருந்து அங்கே தண்ணீர் வழிந்தால்தான் எங்களுக்கு ஆறு. வாணியம்பாடி, ஆம்பூர் தாண்டி, பேரணாம்பட்டுப் பக்கத்து மலட்டாற்றையும் சேர்த்துக்கொண்டு வேலூருக்குப் போகிறது. அங்கிருந்து வாலாஜா அணைக்கட்டு. அணைக்கட்டில் திருப்பினால் காவேரிப்பாக்கம் ஏரி நிறையும். மேலே வந்த தண்ணீர் கீழே எப்போது வரும் என்பதுதான் ஆற்றங்கரைக்காரனுக்கு வேண்டிய செய்தி. அதை மூன்று பதிப்பில் துண்டு துண்டாகப் போட்டால், ஒரு பக்கத்தில் "வெள்ள அபாய எச்சரிக்கை", இன்னொரு பக்கத்தில் "தண்ணீர் வரவேற்பு, விவசாயிகள் மகிழ்ச்சி" என்று ஒரே தண்ணீரைப் பற்றித்தான் வருகிறது. சேர்த்துப் படிக்க ஆளில்லை.

தோல் கழிவும் அப்படித்தான். இதை நான் வெளியே நின்று பேசவில்லை, அந்தத் தொழிலில் சோறு தின்கிறவன். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் மண்டிக்கு வரும். டேனரியில் முதல் வேலையே அதை ஊறப்போட்டு உப்பைக் கழுவுவது. தோல் பதனிடப் போடும் குரோமியத்தைக்கூட வண்டலாகப் பிரித்தெடுக்க வழி உண்டு. தண்ணீரில் கரைந்த உப்பு லேசில் பிரியாது. அது நிலத்தில் இறங்கி, கிணற்றில் ஏறி, தென்னையைக் காயவைக்கிறது. அதனால்தான் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சவ்வு வைத்து வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி உப்பாக எடுக்க வேண்டியிருக்கிறது. செலவு பிடிக்கிற வேலை. ஆம்பூர்ப் பக்கம் மழைக்காலத்தில் ஆற்றில் நுரை மிதந்தால் உங்கள் பத்திரிகையில் பெரிய படம் வருகிறது. நல்லதுதான். அந்த நுரை எங்கே கலந்தது, சுத்திகரிப்பு நிலையம் அன்று ஓடியதா, கரண்ட் பில்லை யார் கட்டினார்கள் என்று மறுநாள் ஒரு வரி வருவதில்லை. மோஜோவிலும் டேனரித் தண்ணீர் ஆற்றில் போகிறது. அங்கே துணி துவைக்க வருகிற பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் பாலாற்றங்கரைக் கிணறுகள்தான் எனக்கு ஞாபகம் வரும்.

1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் எங்கள் ஆற்றுக்காக ஒரு தீர்ப்புக் கொடுத்தது. கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கைக்காக அதை இன்றும் நாடு பூரா மேற்கோள் காட்டுகிறார்கள். வேலூர்க் குடிமக்கள் போட்ட வழக்கு அது, நமக்குப் பெருமைதான். 2025 ஜனவரி 30-ல் மறுபடியும் ஒரு தீர்ப்பு. பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு இழப்பீடு கொடுத்துவிட்டு, மாசு செய்தவர்களிடம் அதை வசூலிக்க வேண்டும் என்றது. அன்று எல்லாப் பத்திரிகையிலும் தலைப்புச் செய்தி. நான் எதிர்பார்த்தது அடுத்த வாரமும் அடுத்த மாதமும் வர வேண்டிய சின்னச் செய்திகளை. எந்தக் கிராமத்தில் கணக்கெடுக்க வந்தார்கள், யாருக்குப் பணம் வந்தது, யாருக்கு வரவில்லை, வேலை போய்விடுமோ என்று பயப்படுகிற தொழிலாளி என்ன சொல்கிறார் என்று. வேலூர் பக்கத்தில் நான் பார்த்த வரையில் அதெல்லாம் தொடர்ந்து வரவில்லை. ஒருவேளை மற்ற இரண்டு பதிப்பில் வந்திருக்கலாம். என் குறையே அதுதான், நான் எதை விட்டேன் என்றுகூட எனக்குத் தெரிய வழியில்லை.

நூறு டிகிரியைத் தாண்டிய வெயில், ஊருக்குள் புகுந்த சிறுத்தை, நெடுஞ்சாலை விபத்து, கஞ்சா கைது. வேலூரைப் பற்றி வெளிநாட்டுக்கு வருகிற செய்தி பெரும்பாலும் இவ்வளவுதான். இதையே படித்துக்கொண்டிருந்தால் சொந்த ஊரே யாரோ ஒருவர் ஊர் மாதிரி ஆகிவிடுகிறது. இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்த அன்று அதை மெஸ்ஸில் உரக்கப் படித்தேன். ஈரோட்டுக்காரர் மஞ்சளை விட்டுக்கொடுக்கவில்லை, ராத்திரி வரைக்கும் பேசிக்கொண்டிருந்தோம். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் தேதி வந்தால் உங்கள் படத்துக்காகக் காத்திருப்பேன். விடியற்காலை ஆம்பூரில் ஷூ கம்பெனி பஸ்ஸுக்கு டிபன் பையோடு நிற்கும் பெண்களைப் பற்றி எப்போதாவது எழுதுங்கள். அந்தப் பெண்கள் கூலி உயர்வுக்கு என்ன கேட்கிறார்கள் என்பதை அவர்கள் பேச்சிலேயே எழுதுங்கள்.

என் வேண்டுகோள் செலவு வைக்காதது என்றே நினைக்கிறேன். மூன்று மாவட்டத்திலும் உங்களுக்கு நிருபர்கள் ஏற்கனவே இருக்கிறார்கள். வாரம் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமையானாலும் சரி, புல்லூரிலிருந்து காவேரிப்பாக்கம் வரை ஒரு பக்கம் போடுங்கள். ஆற்றில் எங்கே எவ்வளவு தண்ணீர், சுத்திகரிப்பு நிலையங்கள் நிலவரம், தோல் மண்டி நிலவரம், தீர்ப்பு எந்த அளவில் நிற்கிறது, நான்கு ஊர் நல்லது கெட்டது. அதுவும் முடியாது என்றால், வேலூர் பதிப்புக்குச் சந்தா கட்டியவர் அதே சந்தாவில் திருப்பத்தூர், ராணிப்பேட்டைப் பக்கங்களையும் செல்போனில் திறந்து பார்க்க வழி செய்யுங்கள். இப்போது ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்றது மூடிக்கொள்கிறது. தனித்தனியாகப் பணம் கட்டவும் நான் தயார், ஆனால் அதற்கும் பக்கத்தில் பொத்தான் இல்லை. அடுத்த மாதம் மோஜோ திரும்புகிறேன், அதற்குள் இதற்கு உங்கள் பத்திரிகையில் பதில் வெளியிட்டால் அம்மா எடுத்து வைப்பார்.

இப்படிக்கு,
பேரணாம்பட்டு வாசகர் ஒருவர்,
வேலூர் மாவட்டம்.